பூனை ஓயாமல் சொறிந்து முடி கொட்டினால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

பூனை சொறிகிறது என்று யாராவது என்னிடம் வரும்போது பெரும்பாலும் நான்கு வேலைகள் ஏற்கெனவே முடிந்திருக்கும். உணவை மாற்றியிருப்பார்கள். ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியிருப்பார்கள். வேப்பெண்ணெய் தடவியிருப்பார்கள். யாரோ சொன்ன களிம்பையும் பூசியிருப்பார்கள். எல்லாம் ஒரே வாரத்தில். இப்போது சொறிச்சல் குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது, கூடினாலும் எதனால் கூடியது என்று தெரியாது.

நான் மருத்துவர் இல்லை. பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஒரு பிளாட்டில் மூன்று பூனைகளோடு இருக்கிறேன், மாடிப்படியில் திரியும் பூனைகளுக்கும் சோறு வைக்கிறேன். என் பூனை சீனிக்கு வயிற்று முடி முழுக்கப் போய்த் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் வரிசை தப்பிச் செய்ததால் வீணானது. அந்த மூன்று மாதமும் அவள் நக்கிக்கொண்டேதான் இருந்தாள். உங்கள் பூனைக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. காத்திருக்கக் கூடாதவை

கீழே சொல்லும் படிகளுக்கு வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். அதனால் நேரம் கொடுக்கக் கூடாத நிலைமைகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆண் பூனை அடிவயிற்றையோ சிறுநீர் வரும் இடத்தையோ விடாமல் நக்குகிறது, மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. இது தோல் பிரச்சினை இல்லை, சிறுநீர்க் குழாய் அடைப்பு. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இரவாக இருந்தாலும் திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடிப் போங்கள்.

சிறு குட்டியின் உடம்பில் தெள்ளுப்பூச்சி மொய்த்து, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தால், பூச்சி குடித்த இரத்தம் குட்டி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. அன்றைக்கே போக வேண்டும்.

மூக்கு, காது, பாதம் ஆகிய இடங்களில் ஆறாமல் பிளந்து நீர் கசியும் புண் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மலேசியப் பூனைகளிடம் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய் இருக்கிறது. பூனை பிறாண்டினால் மனிதருக்கும் வரும். கையில் ஒரு கட்டி தோன்றி, அப்புறம் வரிசையாக மேலேறும். கையுறை போட்டு, பூனையைக் கூண்டில் வைத்து எடுத்துப் போங்கள். உங்கள் கையில் அப்படிக் கட்டி வந்தால் மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதை நீங்களே சொல்லுங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பேன் சீப்பு. லிட்டில் இந்தியாவில் தலைப்பேனுக்கு விற்கும், பல் நெருக்கமான இரும்புச் சீப்பே போதும். பிளாஸ்டிக் சீப்பின் பற்கள் விரிந்துகொடுக்கும், பூச்சி நழுவிவிடும்.

வெள்ளை டிஷ்யூத் தாள், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர், நல்ல வெளிச்சம், எடை பார்க்கும் தராசு. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஒரு தரம், தனியாக ஒரு தரம் ஏறினால் அதன் எடை கிடைத்துவிடும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கண்மதிப்பு உதவாது.

ஒரு நோட்டுப் புத்தகம். முக்கியமானது இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். இன்றைக்கு எவ்வளவு சொறிகிறது என்று 10-க்கு ஒரு மதிப்பெண், என்ன கொடுத்தீர்கள், என்ன மாற்றினீர்கள், எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். முடி போன இடத்தை வாரம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் படம் எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் தெரியாது.

3. எங்கே முடி போயிருக்கிறது என்று பாருங்கள்

வால் தொடங்கும் இடம், இடுப்பின் மேல்பகுதி, பின்தொடைகள் என்றால் முதல் சந்தேகம் தெள்ளு. முதுகைத் தடவும்போது விரலுக்குக் கடுகு கடுகாகப் பொருக்கு தட்டுப்பட்டாலும் பெரும்பாலும் அதுவே.

வயிறும் உள்தொடையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மொட்டையாக இருந்து, தோல் சுத்தமாக இருந்தால் முடி தானாகக் கொட்டவில்லை, பூனை நக்கியே எடுக்கிறது. அந்த இடத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். குத்துகிற மாதிரி கட்டைமுடி இருந்தால் நாக்கின் வேலை. பல பூனைகள் ஆள் இல்லாத நேரத்தில்தான் இப்படி நக்கும், அதனால் 'நான் பார்த்ததே இல்லை' என்பதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

தலை, கழுத்து, காதுப் பக்கம் இரத்தம் வரும்வரை பிறாண்டினால் காதைப் புரட்டிப் பாருங்கள். காப்பித் தூள் மாதிரி கறுப்பாக அழுக்கு இருந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். காது சுத்தமாக இருந்தால் உணவு ஒவ்வாமைக்கும் இடம் உண்டு. ஆனால் அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

வட்டமாக முடி போய்ச் செதில் படிந்திருந்தால் படர்தாமரை, காது ஓரமும் முகமும் சாம்பல் நிறத்தில் தடித்துப் பொருக்கு கட்டியிருந்தால் சொறி. இங்கே எல்லாரும் குராப் என்ற ஒரே மலாய்ச் சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறார்கள். அதனாலேயே படர்தாமரைக்குச் சொறி மருந்தும் சொறிக்குப் பூஞ்சைக் களிம்பும் போய்ச் சேர்கின்றன. ஒன்று பூஞ்சை, மற்றது சிற்றுண்ணி. இரண்டுமே மற்றப் பூனைகளுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டும். இந்த இரண்டு தோற்றத்தில் எது தெரிந்தாலும் பூனையை ஓர் அறையில் தனியாக வைத்துவிட்டு நேரே 8-ஆம் படிக்குப் போங்கள்.

4. சீப்பும் ஈரத்தாளும்

பூனை தூங்கி எழுந்து சோம்பலாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். டிஷ்யூவை நனைத்து மேசையில் விரியுங்கள். வாலடியிலிருந்து தொடங்கி, சீப்பு தோலைத் தொடும்படி மெதுவாக வாருங்கள். அப்புறம் கழுத்தடி, தாடைக்குக் கீழே. ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பில் வந்ததை ஈரத்தாளில் தட்டுங்கள்.

மிளகுத் தூள் மாதிரி கறுப்புத் துகள் விழும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வெறும் அழுக்கென்றால் அப்படியே கறுப்பாகக் கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் துகளைச் சுற்றித் துரு நிறத்தில் ஒரு வளையம் ஊறிப் பரவும். அது பூனையின் இரத்தம், பூச்சி குடித்துச் செரித்து வெளியே விட்டது. உயிரோடு பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பித்துவிடும்.

எனக்குக் கீழ்மாடியில் இருக்கும் அக்கா, "ஒரு தெள்ளுகூட இல்லம்மா, வீட்டை விட்டு இறங்காத பூனை" என்று உறுதியாகச் சொன்னார். சீப்பிலும் பூச்சி வரவில்லை. ஆனால் தாளில் மூன்று இடத்தில் வளையம் ஊறியது. அவர் வீட்டு வாசல் மிதியடியில் தினமும் மாடிப்படிப் பூனை ஒன்று படுத்துத் தூங்கும். முட்டையும் கூட்டுப்புழுவும் அந்த மிதியடியில்தான்.

தாள் சுத்தமாக இருந்தாலும் தெள்ளு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே நாள்கணக்கில் அரிக்கும். அரிப்பதால் நக்கும், நக்கும்போது பூச்சியையும் விழுங்கிவிடும், சான்றும் அதோடு போய்விடும். ஆசனவாயைச் சுற்றி அரிசிப் பருக்கை மாதிரி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய தெள்ளு வழியாக வரும் நாடாப்புழுவின் துண்டுகள் அவை. அதற்குத் தனிப் புழுமருந்து வேண்டும்.

5. தெள்ளு மருந்து: எல்லாப் பூனைக்கும், மூன்று மாதம், விடாமல்

தாள் என்ன சொன்னாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். இங்கே ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரமும் இருப்பதால் அரிப்புக்கு மிக வாய்ப்புள்ள காரணம் தெள்ளுதான். அதை முழுதாக விலக்காமல் மற்றதைத் தேடினால் எந்தச் சோதனையின் விடையும் கலங்கலாகவே வரும்.

பூனைக்கென்று விற்கும் கழுத்துச் சொட்டு மருந்தை வாங்குங்கள். செலமெக்டின், பிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் உள்ளவை மாதம் ஒருமுறை, ஃப்ளூராலனர் உள்ளது ஏறக்குறைய 12 வாரத்துக்கு ஒருமுறை. செலமெக்டின் காதுச் சிற்றுண்ணிக்கும் வேலை செய்யும் என்பதால் எந்தப் பூச்சி என்று தெளிவாகத் தெரியாதபோது நான் அதைத்தான் கேட்டு வாங்குவேன். குட்டியோ, கர்ப்பிணிப் பூனையோ, நோயாளிப் பூனையோ என்றால் கிளினிக்கைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். நாய்ச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் காது துடித்து, உடம்பு நடுங்கி, வலிப்பு வரும். பெரிய நாய்க்கானதை வாங்கிப் பூனைகளுக்குப் பங்கு போட்டால் செலவு மிச்சம் என்று நினைத்த ஒரு குடும்பத்தில் இரண்டு பூனைகள் இப்படித் துடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று பிழைக்கவில்லை. தப்பிப் போட்டுவிட்டால் உடனே கிளினிக்குக்குத் தொலைபேசி செய்யுங்கள், மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

போடும் விதத்திலும் பலர் தவறுகிறார்கள். பூனையை முழங்காலுக்கு இடையில், முகம் வெளிப்பக்கம் பார்க்க உட்காரவையுங்கள். மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் முடியை இரண்டு விரலால் விலக்குங்கள். வகிடு எடுத்த மாதிரி தோல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். குழாயின் முனையை அந்தக் கோட்டில் வைத்து முழுவதையும் அழுத்திவிட்டு, அழுத்திய கையைத் தளர்த்தாமல் எடுங்கள். தளர்த்தினால் மருந்து குழாய்க்குள்ளேயே திரும்பிப் போகும். முடிமேல் விழுந்த மருந்து வேலை செய்யாது. தோளுக்குக் கீழே போட்டால் நாக்கு எட்டிவிடும், வாயில் நுரை தள்ளும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம்.

வீட்டில் இருக்கும் எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் போடுங்கள். சொறியாத பூனையை விட்டுவிட்டால் அதன் உடம்பில் தெள்ளு குடும்பம் நடத்தும். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டைவரை இடும்.

ஏன் மூன்று மாதம்? நீங்கள் பூனைமேல் பார்ப்பது மொத்தத்தில் 5 சதவீதம்தான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கிறது. கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடாது, சில மாதம்கூட உள்ளேயே காத்திருக்கும். முதல் மாதம் போட்டுவிட்டு, 'இன்னும் தெள்ளு வருதே, மருந்து சரியில்லை' என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. வருவது புதிதாகப் பொரித்தது. அதுவும் மருந்து உள்ள பூனைமேல் ஏறிச் சாக வேண்டும். எல்லாம் பொரித்துத் தீரும்வரை விடாமல் போட வேண்டும்.

6. வீடு

மருந்து போட்ட அதே நாளில் தொடங்குங்கள். தெள்ளின் முட்டை ஒட்டாது, பூனை படுத்த இடமெல்லாம் உப்பு மாதிரி உதிரும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்கைத் தேடும். டைல்ஸ் தரைதானே என்று விட்டுவிடாதீர்கள். சோபா மெத்தைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, சுருட்டி நிறுத்திய பாய்க்குள், வாசல் செருப்பு அலமாரியில் அது இருக்கும்.

முதல் இரண்டு வாரம் தினமும் வெற்றிடத் துடைப்பான் (வேக்குவம் கிளீனர்) போடுங்கள். அந்த அதிர்வில் கூட்டுப்புழுக்கள் பொரித்து வெளியே வரும். வந்தால்தான் சாகும். சேர்ந்த குப்பையை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள். பூனையின் துணிகளை 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள். வாசல் மிதியடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காற்றின் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் தெள்ளின் புழு காய்ந்து சாகும். பினாங்கில் அது 80-ஐ ஒட்டியே நிற்கும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் 'குளிர்காலத்தில் மருந்தை நிறுத்தலாம்' என்ற அறிவுரை இங்கே செல்லாது.

தரை துடைக்கப் பினாயில் வேண்டாம். பூனை அதன்மேல் நடந்து பாதத்தை நக்கும். பெர்மெத்ரினை உடைக்க முடியாத அதே ஈரலுக்குப் பினாயிலில் உள்ள ஃபீனாலையும் உடைக்க முடியாது.

7. உடம்பில் எதைத் தடவக் கூடாது

பூனைமேல் தடவுவது எல்லாம் பூனையின் வயிற்றுக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெட்டால், கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய், தலைவலித் தைலம் எல்லாம் நஞ்சு. வேப்பெண்ணெய் குடித்த பூனைக்கு வாயில் எச்சில் ஒழுகும், வாந்தி வரும். பாட்டி காலத்து மருந்து என்ற நம்பிக்கையில்தான் செய்கிறோம், ஆனால் பாட்டி அதைத் தடவியது தன்னை நாள் முழுக்க நக்காத மனிதர்களுக்கு. தேங்காய் எண்ணெய் நஞ்சு இல்லை. தடவினால் இன்னும் கூடுதலாக நக்கும், அவ்வளவுதான்.

புண் ஆறும்வரை நகத்தை வெட்டிவிடுங்கள், நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். துணிக்கூம்பு என்றால் சாப்பிடச் சிரமப்படாது. வலிக்கிறதே என்று மனிதருக்கான பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லும்.

8. கிளினிக்கில்

தெள்ளு மருந்து தொடங்கி எட்டு வாரத்தில் நோட்டில் மதிப்பெண் இறங்கவில்லை என்றால், அல்லது 3-ஆம் படியில் படர்தாமரையோ சொறியோ தெரிந்தால், போக வேண்டிய நேரம். நோட்டையும் படங்களையும் எடுத்துப் போங்கள். 'மூன்று பூனைக்கும் இந்தத் தேதிகளில் இந்த மருந்து' என்று காட்டினால் மருத்துவர் முதல் கேள்வியைத் தாண்டி இரண்டாவதிலிருந்து தொடங்குவார்.

கேட்க வேண்டிய சோதனைகள்: தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது, டேப்பை ஒட்டி எடுத்துக் கிருமி பார்ப்பது, முடியின் நுனி உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது, காது அழுக்கைப் பார்ப்பது. படர்தாமரைக்குப் புற ஊதா விளக்கு அடிப்பார்கள், முடி ஆப்பிள் பச்சையாக ஒளிரும். எல்லா வகையும் ஒளிராது. ஒளிராவிட்டாலும் சந்தேகம் இருந்தால் பூஞ்சை வளர்ப்புச் சோதனை கேளுங்கள், முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பெர்சியன் போன்ற நீளமுடிப் பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வயதான பூனை மெலிந்துகொண்டே நிறையச் சாப்பிட்டு, கூடவே முடியையும் பிடுங்கினால் தைராய்டுக்கான இரத்தச் சோதனை வேண்டும்.

"ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர், சரியாயிடும்" என்று நாமாகக் கேட்கும் பழக்கத்தை விட வேண்டும். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி அரிப்பை அடக்கும், காரணத்தை அப்படியே விட்டுவிடும். காரணம் பூஞ்சை என்றால் பரவவும் விடும். அடிக்கடி போட்ட பூனைக்கு நீரிழிவு வரலாம். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரிப்பில் தன்னையே கிழித்துக்கொள்ளும் பூனைக்கு அது பெரிய நிம்மதி. எதற்காக, எத்தனை நாளைக்கு, அடுத்தது என்ன என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எதிலும் பிடிபடவில்லை என்றால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இங்கிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். உங்கள் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

9. உணவுச் சோதனை, இப்போதுதான்

எல்லாரும் முதலில் செய்வது இது. கடைசிப் பக்கம் வைத்ததற்குக் காரணம், எட்டு வாரம் ஒரே உணவில் வைத்திருந்தால்தான் விடை தெரியும். இடையில் ஒரு தெள்ளு கடித்தாலும் விடை கெட்டுவிடும்.

கடையில் ஒரு கோழி உணவிலிருந்து இன்னொரு கோழி உணவுக்கு மாறுவது சோதனை ஆகாது. பொட்டலத்தின் முன்னால் 'சால்மன்' என்று இருந்தாலும் பின்னால் கோழி இருக்கும், படித்துப் பாருங்கள். மருத்துவர் சொல்லும், புரதத்தை நுண்ணிதாக உடைத்த உணவோ பூனை இதுவரை தின்றிராத இறைச்சியோதான் வேண்டும். பழைய உணவோடு கலந்து ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். பிடிக்காமல் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். 'பசித்தால் தின்னும்' என்ற பிடிவாதம் பூனையிடம் ஆபத்து.

சீனிக்கு இந்தச் சோதனை முதல் தடவை தோற்றது எப்படி என்றால், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கம்பிக் கதவு வழியாகத் தினமும் ஒரு துண்டு கெம்போங் மீன் கொடுத்திருக்கிறார். பாசத்தில் கொடுத்தது, எனக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாவது தடவை கதவில் ஒரு தாள் ஒட்டினேன். வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடமும் தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் சொறிச்சல் திரும்பினால்தான் உணவு என்பது உறுதி. சீனிக்கு நான்காம் நாளே திரும்பியது.

10. மனக்கவலை என்று முடிவு கட்டும் முன்

வயிறு மொட்டையான பூனையைப் பார்த்ததும் 'ஸ்ட்ரெஸ்' என்பார்கள். முழுக்க மனதால் மட்டும் நக்கும் பூனைகள் குறைவு, தேடினால் பெரும்பாலும் உடம்பில் காரணம் இருக்கும். மேலே உள்ள எல்லாவற்றையும் தாண்டி வந்தபின் இதை யோசியுங்கள்.

அப்போது நோட்டைத் திருப்பிப் பாருங்கள். தீபாவளிப் பட்டாசு, தைப்பூசத்துக்கு வந்து தங்கிய உறவினர்கள், புதுப் பூனை, மேல்வீட்டுத் துளைபோடும் வேலை, இவற்றின் தேதியும் மதிப்பெண் ஏறிய தேதியும் பொருந்துகின்றனவா? பொருந்தினால், பூனைக்கு ஒன்று என்ற கணக்கோடு கூடுதலாக ஒரு மணல் தட்டு, ஏறி ஒளிய உயரத்தில் ஓர் இடம், தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிட விளையாட்டு. இவ்வளவும் செய்து போதாவிட்டால் மருந்து உண்டு, மருத்துவர்தான் தர வேண்டும்.

11. முடி திரும்பும்போது

நக்குவது நின்று சில வாரத்தில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி தலைகாட்டும். முழுதாக மூட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முதலில் வரும் முடியின் நிறம் சற்று மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். முடி வளர எண்ணெய், வைட்டமின் என்று எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள்.

முடி மூடிய பிறகும் தெள்ளு மருந்தின் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். கீழ்மாடி அக்கா இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை தன் பூனைக்குப் போட்டுவிட்டு, வாசலில் படுக்கும் அந்த மாடிப்படிப் பூனைக்கும் ஒன்று போடுகிறார்.